தைவான் விருந்தாளி வருகிறார்: அவருடைய பதவிக் குறிப்பை எழுதும் விதம்

தடா, மாம்பட்டு, ஸ்ரீசிட்டி பக்கம் தைவான்காரர் நடத்தும் கம்பெனிகளில் அட்மின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஆரம்பாக்கத்துக்காரி. தினமும் எல்லை தாண்டி ஆந்திராவுக்குள் வேலைக்குப் போய்வருகிறவள். எங்கள் ஃபேக்டரியில் பெரிய மனுஷர் யாராவது தைபேயிலிருந்து வருகிறார் என்றால், "ஒரு பக்கத்துக்குள்ள அவரைப் பத்தி எழுதிக் குடும்மா" என்று ஜி.எம். என் மேஜைக்குத்தான் வருவார். வருகிறவர் பழைய மந்திரியாக இருக்கலாம், சட்டமன்ற உறுப்பினராக இருக்கலாம், வர்த்தகத் துறை அதிகாரியாக இருக்கலாம். அந்த ஒரு பக்கத்தை எப்படித் தயார் செய்வது என்பதுதான் விஷயம்.

முதலில், அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஜி.எம். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் காரில் படிப்பார். மேடையில் மைக் பிடிப்பவர் கடைசி நிமிடத்தில் படிப்பார். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணா, "மினிஸ்டர் காரு எப்புடு வஸ்தாரு மேடம்?" (மந்திரி எப்போது வருவார்) என்று தெலுங்கில் கேட்பார், அவருக்கு இரண்டு வரி போதும். இவர்களில் ஒருவருக்கும் அந்த மனிதரின் முழு வாழ்க்கை வரலாறு தேவையில்லை. எந்தப் பதவி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, அந்தப் பதவிக்கு எந்த வழியாக வந்தார் என்ற மூன்றும் இருந்தால் குறிப்பு முடிந்தது. இதில் மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மற்ற இரண்டையும்விட அதுதான் முக்கியம்.

பெயரில் அதிக நேரம் போக்க வேண்டாம், ஆனால் தப்பு விடவும் கூடாது. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். தைவான் குடியரசுத் தலைவர் லாய் சிங்-தே என்றால் அவர் மிஸ்டர் லாய். ஆங்கிலப் பெயர் ஒன்றும் வைத்திருந்தால் அது இடம் மாறி வில்லியம் லாய் என்றாகிவிடும். எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் வேறு. வின்சென்ட் சியூ என்று ஓரிடத்தில் இருப்பவரே இன்னோரிடத்தில் ஷியாவ் வான்-சாங் என்றிருப்பார். இரண்டு ஆள் வருகிறார்கள் என்று இரண்டு நாற்காலி போட்டுவிடாதீர்கள். அவர் அலுவலகத்திலிருந்து வந்த மெயிலின் கீழே எப்படிக் கையெழுத்து இருக்கிறதோ, அதுதான் நமக்கு.

அடுத்தது ஆண்டு. தைவான் அரசாங்கக் காகிதங்களில் ஆண்டுக் கணக்கு 1912-ஐ ஒன்று என்று வைத்துத் தொடங்கும். அங்கே இருக்கும் எண்ணோடு 1911-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும். '86.9.1' என்று பார்த்தால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. அதாவது 1997 செப்டம்பர் 1. பிறந்த ஆண்டு 28 என்றிருந்தால் 1939. இதைத் தெரியாமல் கூகுள் மொழிபெயர்ப்பை நம்பினால் 28 வயது வாலிபர் வருகிறார் என்று நினைத்து, வாசலில் எண்பதைத் தாண்டிய பெரியவரைப் பார்த்து முழிக்க வேண்டிவரும்.

இனிப் பதவிப் பெயர். இங்கேதான் ஃப்ளெக்ஸ் போர்டுகள் மானத்தை வாங்கும். நாம் பள்ளியில் சட்டமன்றம், நிர்வாகம், நீதி என்று மூன்று படித்தோம். தைவானில், சீனக் குடியரசின் தந்தை எனப்படும் சுன் யாட்-சென் வகுத்தபடி ஐந்து. அந்த மூன்றோடு, அரசுப் பணித் தேர்வுகளை நடத்த ஒன்று, அரசாங்கத்தைத் தணிக்கை செய்து கண்காணிக்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் யுவான் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். இந்த ஐந்து தலைவர்களையும் ஆங்கிலத்தில் 'பிரசிடென்ட்' என்றே எழுதும் வழக்கம் உண்டு. நாட்டின் குடியரசுத் தலைவரையும் சேர்த்தால் ஆறு பிரசிடென்ட் ஆயிற்று. நிர்வாக யுவான் பிரசிடென்ட் என்றால் பிரதமர். சட்டமன்ற யுவான் பிரசிடென்ட் என்றால் நம்மூர் சபாநாயகர் மாதிரி. இந்தப் பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் வந்த விருந்தாளியின் பதவிக்குப் பின்னாலிருந்த யுவானை மட்டும் விட்டுவிட்டு, 'தைவான் பிரசிடென்ட் அவர்களே வருக' என்று இருபதடிக்கு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே அதன் கீழ் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாராம். கூட வந்த அதிகாரிகள்தான் சிரிக்கவில்லை.

இன்னொரு பதவிப் பெயரும் நம்மைக் குழப்பும். 'இலாகா இல்லாத அமைச்சர்' என்று படித்ததும் நமக்கு வேறு ஞாபகமெல்லாம் வரும், வாயோரம் ஒரு சிரிப்பும் வரும். அங்கே அது மரியாதையான இடம். பல துறைகளை இழுத்துக் கட்டி ஒரு வேலையை முடிக்க வேண்டியவர்களைப் பிரதமர் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. சட்டப்படி ஏழிலிருந்து ஒன்பது பேர் வரை. ஆட்ரி டாங் 2016-லிருந்து அப்படித்தான் இருந்தார். 2022 ஆகஸ்டில் டிஜிட்டல் துறை என்று தனி அமைச்சகம் பிறந்தபோது அதன் முதல் அமைச்சர் ஆனார்.

துணை அமைச்சர் வருகிறார் என்றால் எந்தத் துணை என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பயணங்களுக்கு அதிகம் வருவது அவர்கள்தான், அதனால் இது அடிக்கடி உதவும். அரசியல் துணை அமைச்சர் என்று ஒரு வகை. அமைச்சரவையோடு வருவார், அமைச்சரவையோடு போவார். நிர்வாகத் துணை அமைச்சர் என்பது இன்னொரு வகை. தேர்வெழுதி, படிப்படியாக ஏறி வந்த உத்தியோகஸ்தர், ஆட்சி மாறினாலும் அவர் பாட்டுக்கு இருப்பார். முன்னவரிடம் ஜி.எம். அரசியல் வாடை வராமல் பேச வேண்டும். பின்னவரிடம் சுங்கவரி, விசா, சட்டவிதி என்று நேராகக் கேட்கலாம், பதிலும் கிடைக்கும்.

இங்கிருந்துதான் அந்த மூன்றாவது கேள்வி வருகிறது. ஒரு மனிதர் பதவிக்கு வர வழி மூன்றுதான். நம் சூலூர்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். தாசில்தார் பரீட்சை எழுதி வந்தவர், எம்.எல்.ஏ. ஓட்டு வாங்கி வந்தவர், கோயில் போர்டு சேர்மன் மேலிடம் கை காட்டி வந்தவர். தைவானிலும் இதே மூன்று கதவு. வித்தியாசம் என்னவென்றால், நம் ஊரில் அமைச்சர் பதவிக்கு ஓட்டுக் கதவு வழியாகத்தான் போக முடியும். சபையில் இல்லாதவரை அமைச்சராக்கினாலும் ஆறு மாதத்துக்குள் அவர் உறுப்பினராகிவிட வேண்டும். அங்கே நேர் தலைகீழ். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அமைச்சரானால் உறுப்பினர் பதவியை விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அரசியல் சட்டம் விடாது. பிரதமர்கூடக் குடியரசுத் தலைவர் நியமிப்பவர்தான். 1997-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அந்த நியமனத்துக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதலும் வேண்டாம். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. பதவிப் பட்டியலில் 'ராஜினாமா' என்ற வார்த்தையைப் பார்த்து ஊழல் என்று நினைத்துக்கொள்வதும் நின்றுவிடும்.

ஒரு ஆளை எடுத்து முழுசாகச் செய்து பார்ப்போம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நான் எப்போதும் வின்சென்ட் சியூவைத்தான் எடுப்பேன். மூன்று கதவிலும் நுழைந்தவர், அதனால்.

1939-ல் சியாயி ஊரில் பிறந்தவர். வெளியுறவுத் துறையில் உத்தியோகம். 1960-களின் பின்பாதியில் கோலாலம்பூர் துணைத் தூதரகத்தில் வேலை பார்த்திருக்கிறார். (மேடையில் பேசுகிறவருக்கு இது நல்ல சரக்கு. நம் ஆட்களுக்கு அந்த ஊரில் சொந்தக்காரர் இல்லாத குடும்பம் குறைவு. இந்த ஒரு வரியைக் குறிப்பில் கட்டாயம் விடாதீர்கள்.) அப்புறம் பொருளாதார அமைச்சகத்தின் வெளிநாட்டு வர்த்தக வாரியம், 1982 முதல் 1988 வரை அதன் தலைமை அதிகாரி. அமெரிக்காவோடு வர்த்தகப் பேச்சுவார்த்தை என்றால் அந்நாளில் மேஜையில் இருந்தவர். இதுவரைக்கும் முதல் கதவு.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் வர்த்தக வாரியத்தில் இருந்த அதே 1980-களில்தான் தைவான் உலகத்துக்கே செருப்பும் ஷூவும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அவர்கள் நாணயத்தின் மதிப்பு மளமளவென்று ஏறியது, கூலியும் ஏறியது. ஷூ முதலாளிகள் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு முதலில் சீனாவுக்கும், பிறகு வியட்நாம், இந்தோனேசியாவுக்கும், அதற்கும் பிறகு நம் பக்கத்துக்கும் வந்தார்கள். மாம்பட்டு ஷூ ஃபேக்டரியில் காலை ஷிப்ட்டுக்கு பஸ் பஸ்ஸாகப் பெண்பிள்ளைகள் வந்து இறங்குவதற்கும், தைபேயில் அந்நாளில் வர்த்தகம் பார்த்தவர்களின் காலத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. விருந்தாளியின் பதவிப் பட்டியலில் நம் தொழிலைத் தொடும் வருஷம் எது என்று இப்படித் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதற்கு அடிக்கோடு போடுங்கள். ஜி.எம்.முக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும்.

சியூ 1990-ல் பொருளாதார அமைச்சர். 1993-ல் பொருளாதாரத் திட்டமிடல் கவுன்சிலின் தலைவர். அடுத்து, சீன விவகாரங்களைக் கவனிக்கும் கவுன்சிலின் தலைவராக 1994, 95-ல். எல்லாம் நியமனம். மூன்றாவது கதவு. 1995 கடைசியில் சொந்த ஊரான சியாயியில் சட்டமன்றத் தேர்தலில் நின்று ஜெயித்தார். ஓட்டுக் கதவு. அங்கே ஒன்றரை ஆண்டுதான். 1997 செப்டம்பர் 1-ல் பிரதமர் ஆக்கப்பட்டார், உறுப்பினர் பதவி போயிற்று. தைவான் மண்ணிலேயே பிறந்த முதல் பிரதமர் அவர்தான். அதற்கு முந்தியவர்கள் எல்லோரும் சீனப் பெருநிலத்தில் பிறந்தவர்கள். ஆசிய நாணய நெருக்கடி அவர் தலையில் விழுந்தது. 1999 செப்டம்பர் 21-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலநடுக்கமும் அவர் காலத்தில்தான். 2000-ல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு, தலைவர் வேட்பாளர் லியன் சானோடு சேர்ந்து நின்றார்; அந்த ஜோடிக்கு மூன்றாம் இடம். எட்டு ஆண்டு கழித்து மா யிங்-ஜியோவோடு நின்றபோது 58 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு. 2008-லிருந்து 2012 வரை துணைக் குடியரசுத் தலைவர். பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் 'புன்னகை சியூ'.

இதை அப்படியே குறிப்பில் இறக்கக் கூடாது. என் கணக்கில் அது இப்படி வரும்:

'வின்சென்ட் சியூ (குடும்பப் பெயர் சியூ). பிறப்பு 1939, சியாயி. முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர், 2008 முதல் 2012 வரை, தேர்தலில் வென்று. முன்னாள் பிரதமர், 1997 முதல் 2000 வரை, நியமனம். அதற்கு முன் சட்டமன்ற உறுப்பினர், பொருளாதார அமைச்சர். தொடக்கம் வெளியுறவு, வர்த்தகத் துறை உத்தியோகம், கோலாலம்பூரில் பணி. பேசத் தக்கது: 1980-களின் ஷூ ஏற்றுமதி. நாமாகத் தொடக் கூடாதது: சீன விவகாரம், 2000 தேர்தல்.'

அவ்வளவுதான். கடைசியாக இருந்த பதவி மேலே, பழைய பதவி கீழே. நம் ஆட்கள் படிப்பு, பட்டம், மனைவி மக்கள் என்று எழுதி நிரப்புவார்கள். யாரும் படிப்பதில்லை.

எல்லோருடைய ஏணியும் இப்படி வரிசையாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். சென் சியன்-ஜென் தொற்றுநோய் ஆராய்ச்சியாளர். 2003-ல் சார்ஸ் பரவிக்கொண்டிருந்தபோது சுகாதாரத் துறைப் பொறுப்புக்கு அழைக்கப்பட்டார். 2016-ல் சாய் இங்-வென்னோடு நின்று துணைக் குடியரசுத் தலைவர். நாலு வருஷம் முடிந்ததும் ஆராய்ச்சிக்குத் திரும்பிவிட்டார். 2023 ஜனவரியில் கூப்பிட்டுப் பிரதமராக்கினார்கள். இப்போதைய குடியரசுத் தலைவர் லாய் சிங்-தேவின் பாதையில் இதே இரண்டு பதவி இடம் மாறி இருக்கிறது: முதலில் பிரதமர், பிறகு துணைத் தலைவர், 2024 மே 20-ல் தலைவர். ஆக, எது மேலே எது கீழே என்று நீங்களாக முடிவு கட்டி வரிசையைத் திருத்தாதீர்கள்.

சு செங்-சாங் கதை இன்னும் வேடிக்கை. வழக்கறிஞர். 1979 டிசம்பரில் கவுசியுங் நகரில் நடந்த ஜனநாயகப் போராட்டத்தில் கைதானவர்களுக்காக வாதாடியவர், 1986-ல் ஜனநாயக முற்போக்குக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2018 நவம்பரில் நியூ தைபே மேயர் தேர்தலில் தோற்றார். 2019 ஜனவரியில் பிரதமர்! நம் ஊரில் தோற்றவருக்கு வாரியத் தலைவர் பதவி கொடுப்பார்கள். பிரதமர் நாற்காலியே கிடைத்தால் டீக்கடையில் ஒரு மாதம் பேச்சு ஓடும். அது அவருக்கு இரண்டாவது முறை. 2006-லேயே ஒருமுறை இருந்திருக்கிறார். அவர் பட்டியலில் தைபே கவுண்டி என்று ஒரு பதவி வரும். அந்தக் கவுண்டிதான் 2010 டிசம்பர் 25-லிருந்து நியூ தைபே நகரம். தைபே நகரம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் சென்னை மேயரைத் திருவள்ளூர் கலெக்டர் ஆக்கிய கதைதான்.

துறைப் பெயர்களும் இப்படித்தான் மாறும். தொழிலாளர் விவகாரக் கவுன்சில் 2014-ல் தொழிலாளர் அமைச்சகம் ஆயிற்று. வேளாண் கவுன்சில் 2023-ல் வேளாண் அமைச்சகம். அவர் பதவியில் இருந்த ஆண்டில் என்ன பெயரோ அதை எழுதுங்கள். தொழிலாளர் அமைச்சகத்து ஆள் யாராவது வருகிறார் என்றால் முன்கூட்டியே தயாராக இருங்கள். இந்தியத் தொழிலாளர்களைத் தைவானுக்கு அனுப்புவது பற்றி 2024 பிப்ரவரியில் இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டதிலிருந்து, "அக்கா, அங்க ஆள் எடுக்கிறாங்களாமே, கேட்டுச் சொல்லுங்க" என்று லைனில் இருக்கும் பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். விருந்தாளியை நேரில் மடக்கிக் கேட்டுவிடாதபடி சூப்பர்வைசரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். கேள்விகளை வாங்கிக்கொண்டு, அமைச்சகத்தின் பதில் வந்தால் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதாகச் சொல்லுங்கள்.

சட்டமன்ற உறுப்பினர் என்றால் தொகுதி என்ன என்று நம் ஆட்கள் உடனே கேட்பார்கள். 113 இடங்களில் 73-க்குத்தான் நம் மாதிரி தொகுதி. ஆறு இடம் பழங்குடியினருக்கு. மீதி 34 கட்சிப் பட்டியலிலிருந்து வருவது, தொகுதியே கிடையாது. அதனால் தொகுதிப் பெயர் கிடைக்கவில்லை என்று அலையாதீர்கள். 'கட்சிப் பட்டியல்' என்று எழுதினால் சரி.

கூட்டாக ராஜினாமா என்று வந்தால் பதற வேண்டாம். புதுக் குடியரசுத் தலைவர் மே 20-ல் பதவியேற்கும்போதெல்லாம் பழைய அமைச்சரவை மொத்தமாக விலகும். அது சம்பிரதாயம். உள்ளாட்சித் தேர்தலில் கட்சி அடிவாங்கிய பின் பிரதமர் விலகுவது வேறு; 2018 தேர்தலுக்குப் பின் லாய் போனதும், 2022 தேர்தலுக்குப் பின் சு போனதும் அந்த வகை. இரண்டாவது வகையை மேடையில் சொல்ல வேண்டாம், ஜி.எம். தாளில் மட்டும் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சங்கடமான சமாச்சாரம். இந்தியாவுக்கும் தைவானுக்கும் முறையான தூதரக உறவு கிடையாது. டெல்லியில் 1995 முதலும் சென்னையில் 2012 முதலும் இருப்பது தைபே பொருளாதார, பண்பாட்டு மையம். அங்கிருந்து வருபவரைத் தூதர் என்று எழுதாதீர்கள். டெல்லியில் இருப்பவர் பிரதிநிதி, சென்னையில் இருப்பவர் டைரக்டர் ஜெனரல். மேஜையில் கொடி வைப்பதா வேண்டாமா என்பது நம் சம்பளத்துக்குள் வரும் முடிவு இல்லை, ஜி.எம்.மிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃப்ளெக்ஸ் கடைக்கு மெயிலில் வந்த சீன எழுத்தைப் படமாகவே கொடுங்கள். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் அடித்துத் தந்தால் பெரும்பாலும் சீனாவில் புழங்கும் எளிமைப்படுத்திய எழுத்துதான் வரும். தைவானில் எழுதுவது பழைய முழு எழுத்து, கோடுகள் அதிகம். ப்ரூஃபை எங்கள் ட்ரான்ஸ்லேட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அவர் 'ஓகே' போட்டபின்தான் நான் பிரிண்டுக்கே விடுவேன். செக்யூரிட்டிக்குத் தெலுங்கில் நாலு வரி: பெயர், பதவி, நேரம், கார் நம்பர். கார் நம்பர் மட்டும் காலையில்தான் தெரியவரும், அதற்கு ஒரு இடம் காலியாக விட்டுவிடுங்கள்.